பாப்பாவின் முறை

கேடயம் போட்ட அட்டை ஒன்றை பிளாஸ்டிக் உறைக்குள் நுழைக்க லிஃப்ட்காரர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஸ்பானரும் இரும்புக் கயிறும் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. உறையோ வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. மூலை மடங்கக் கூடாது என்று பாப்பா கறாராகச் சொல்லியிருந்தாள். மடங்கினால் லேசில் விடமாட்டாள், கத்துவாள். ஒரு மூலையை வேண்டுமென்றே மடித்து வைத்துவிட்டு அவள் விழித்ததும் காட்டலாமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் கத்திக் கேட்டு நாளாகியிருந்தது.

பாப்பா அவருடைய தங்கை. தலையில் நரை விழுந்த பிறகும், ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் பிரிவுக்கே தலைவியான பிறகும், அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கடைக்கு போன் செய்து "பாப்பா இருக்காளா?" என்று கேட்டு, அங்கே யாரோ குழந்தை தொலைந்துவிட்டது என்று பதறிய கதையும் உண்டு. இப்போது அந்தப் பாப்பா ஜன்னலோரக் கட்டிலில், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில், மூக்கில் குழாயுடன் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே மூச்சு இயந்திரம் பழைய ஃப்ரிட்ஜைப் போல உறுமிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலையில் வந்த நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டு, நாடியைப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு யாரும் வேலைக்குப் போக வேண்டாம்" என்றார்.

"நாளைக்கு?" என்று கேட்டார் பாப்பாவின் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். மறுநாளுக்கு மாற்று ஆள் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வாயில் வந்துவிட்டது.

நர்ஸம்மா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். ஏற்கெனவே சரியாக இருந்த வாரை ரொம்ப நேரம் சரிசெய்தார்.

அதன் பிறகு மாப்பிள்ளை சமையலறைக்குள் போய் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர்தான் அவரை இழுத்து வந்து கூடத்துச் சோபாவில் படுக்க வைத்தார். பிறகு பாப்பாவின் கட்டில் அருகே மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் அட்டைகளோடு உட்கார்ந்தார். எப்படியாவது இன்றைக்குள் அட்டைக் கட்டை முடித்து அவளோடு ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும். வேறு எதுவும் அவர் கையில் இல்லை.

அது சீட்டாட்டம் அல்ல. படம் போட்ட அட்டைகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு கட்டு அமைத்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. சில அட்டைகள் அடிக்கும், சில தடுக்கும், சில பட்ட அடியை ஆற்றும். எதிராளியின் உயிரைக் குறைத்துக் குறைத்துச் சைபருக்குக் கொண்டுவந்தால் வெற்றி. ஸ்டேஷனரி கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் இந்த ஆட்டம் நடக்கும். கல்லூரிப் பையன்களும் மருந்துக்கடைப் பெண்ணும் இன்னும் சிலரும் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ராணி பாப்பாதான். அவளை ஜெயித்துவிட்டால் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டு திரிவார்கள்.

அவள் படுத்ததும் எல்லாரும் பார்க்க வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் ஆடவில்லை, அழுதார்கள். "இனிமே யாரும் வரவேண்டாம்னு சொல்லுங்க. அவங்களைத் தேத்தித் தேத்தி எனக்கு மூச்சு வாங்குது" என்று பாப்பா சொல்லிவிட்டாள். பிறகு ஒருநாள் அண்ணனைப் பார்த்து, "நீ ஒரு ஆட்டம் ஆடேன்" என்றாள்.

"எனக்கு என்ன பாப்பா தெரியும்? உன் கட்டுல பாதியைக் குடு, ஏதோ ஆடறேன்."

"அதெல்லாம் கிடையாது. அடுத்தவங்க கட்டுல ஆடறது அடுத்தவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்கிற மாதிரி. அலமாரியில டப்பா டப்பாவா உதிரி கார்டு இருக்கு. நீயே பொறுக்கி நீயே கட்டு."

அன்றிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். லிஃப்ட்காரருக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒவ்வொரு அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்து, சந்தேகம் வந்தால் எடுத்து வைத்து, மறுநாள் அதையே மறுபடி படித்தார். உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமல்ல. கட்டி முடித்தால் ஆட வேண்டும். ஆடினால் ஆட்டம் முடிந்துவிடும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு அட்டை சரியில்லாமல் போய்விடும். இன்று நர்ஸம்மாவின் செருப்பு வாரைப் பார்த்த பிறகுதான் அவர் விரல்கள் அவசரப்பட்டன.

கடைசி அட்டை உறைக்குள் போனபோது வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தது. பாப்பா கண்ணைத் திறந்தாள்.

"கையைக் கழுவினியா?"

"கழுவிட்டேன். ரெண்டு தடவை."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"காட்டு."

அவர் தலையணையை நிமிர்த்தி, அவள் கண்ணெதிரே அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். அவள் லென்ஸில் கீறல் தேடுகிறவளின் கண்ணோடு பார்த்தாள். கேடயம். மதில். மருந்து. கேடயம். அகழி. மருந்து. இரும்புக் கதவு. பாதி வருவதற்குள் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் பயந்து எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இதுல அடிக்கிற கார்டு எங்க?"

"இல்லை."

"ஒண்ணு கூடவா?"

"நான் என் வேலைல பழகின மாதிரி கட்டினேன் பாப்பா. லிஃப்ட்ல தூக்கறதுக்கு ஒரே ஒரு மோட்டார்தான். விழாம பிடிக்கறதுக்குத்தான் பிரேக்கு, அதுக்கு மேல இன்னொரு பிரேக்கு, கயிறு அறுந்தாக் கடிச்சுக்கிற கொக்கி, கீழே ஸ்பிரிங்கு, எல்லாம். விழாம இருந்தாப் போதும்னு கட்டினேன்."

"சரி, விழாம இருப்ப. எப்படி ஜெயிப்ப?"

"நீ ஜெயிச்சுக்கோ."

பாப்பாவின் சிரிப்பு நின்றது. மூச்சு சமப்படும் வரை காத்திருந்து பேசினாள்.

"ஒவ்வொரு முறையும் கட்டுலேர்ந்து ஒரு கார்டு எடுக்கணும். எடுக்கக் கார்டு இல்லேன்னா தோத்துட்டன்னு அர்த்தம். சும்மா தடுத்துக்கிட்டே இருந்தா, கட்டு தீர்ந்துடும், அவ்வளவுதான். அது உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. விதித் தாளில் அந்த வரியை அவர் படிக்காமல் விட்டிருந்தார், அல்லது படித்துவிட்டு மறந்திருந்தார்.

"அது போகட்டும்" என்றாள். "நிஜமாச் சொல்லு. அடிக்கிற கார்டை ஏன் எடுக்கலை? டப்பா நிறைய இருந்ததே."

லிஃப்ட்காரர் கட்டை மேசையில் தட்டி விளிம்புகளைச் சமன் செய்தார். எடுத்துத்தான் பார்த்திருந்தார். காண்டாமிருகம் ஒன்று, கோடரிக்காரன் ஒன்று, ஓநாய்க் கூட்டம் ஒன்று. ஒவ்வொன்றையும் கையில் பிடித்ததும், இதைக் கீழே வைத்தால் எதிரே இருக்கும் பாப்பாவுக்கு உயிர் குறையும் என்று மனம் கணக்குப் போட்டது. திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

"மனசு வரலை பாப்பா."

"எனக்குத் தெரியும்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாரும் இப்படித்தான் இருக்கீங்க. சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு சொன்னா இவரு ஆமாங்கறாரு. உப்பே இல்லைன்னு சொன்னாலும் ஆமாங்கறாரு. ஒருத்தரும் என்கிட்ட ஒரு சண்டை போட மாட்டேங்கறீங்க. என்னை எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிட்ட மாதிரி இருக்கு."

"அப்படியில்லை..."

"நீ எப்பவுமே இப்படித்தான். சின்ன வயசுல ஓட்டப் பந்தயம் வெச்சா, நான் பக்கத்துல வந்ததும் உன் செருப்பு அறுந்துடும். அது எப்படித்தான் கரெக்டா அறுந்துச்சோ. ஒரே ஒரு ஆட்டம் அண்ணா. என்னை அடிச்சு ஆடு. அடிக்கலேன்னா நீ என்கூட ஆடலைன்னுதான் அர்த்தம்."

அவர் டப்பாவை எடுத்து வந்தார். சில கேடயங்களை உருவினார். அவள் கண்ணைத் திறந்து, கூடவே இருந்து, எதை எடுக்க, எதை விட என்று சொல்லிக்கொண்டே வந்தாள். காண்டாமிருகம் உள்ளே போனது. கோடரிக்காரன் போனான். "அந்தக் கட்டெறும்பையும் போடு. சின்னது, ஆனா தடுக்க முடியாது" என்றாள். லிஃப்ட்காரர் அதை அவசரமாக உறைக்குள் நுழைத்தார். இந்த முறை ஒரு மூலை உண்மையாகவே மடங்கிவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? மூலை, மூலைன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

அவருக்கு அப்படியொரு நிம்மதி. "தப்புதான், தப்புதான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

அவளால் அட்டைகளைக் கையில் பிடிக்க முடியாது என்று அவர் முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். லிஃப்ட் கதவு ஓடுகிற அலுமினியத் தண்டவாளத்தில் ஒரு முழம் அறுத்து, ஓரங்களை மழுங்கத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். அதன் பள்ளத்தில் அட்டைகள் அவள் பக்கம் முகம் காட்டி வரிசையாக நிற்கும். அவருக்கு முதுகு மட்டுமே தெரியும். தண்டவாளத்தின் ஒரு முனையில் பழைய திருகாணி ஓட்டை ஒன்று இருந்தது. அந்த முனையிலிருந்து தொடங்கி, படத்தைப் பார்க்காமல், அவளுடைய முதல் அட்டைகளை நிறுத்தினார். பிறகு எடுக்கும் ஒவ்வொன்றையும் மறுமுனையில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

உயிர்க் கணக்குக்கு எதை வைத்துக்கொள்வது என்று அவர் கேட்டபோது, "என் பையில பாரு" என்றாள். பையில் இரண்டு தகடுகள் இருந்தன. இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் லிஃப்ட்டிலிருந்து அவர் கழற்றிவந்து எப்போதோ அவளிடம் கொடுத்த மாடி எண் தகடுகள். மேலே இருபது, அடியில் தரைத்தளம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருந்தது.

"இதையா வெச்சிருக்க?"

"இதுலதான் எப்பவும் ஆடறோம். எங்க பசங்க யாரும் உயிர்னு சொல்லமாட்டாங்க. 'அக்கா, நீங்க எத்தனாவது மாடி?'ன்னுதான் கேப்பாங்க." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது. என் கட்டுல ஒரு இடி இருக்கு. நீ பத்தாம் மாடிக்குக் கீழ வந்துட்டா, ஒரே இடி. தடுக்கவே முடியாது. நேரா தரைத்தளம்."

"பாக்கலாம்" என்றார் லிஃப்ட்காரர், முதல் தடவையாக ஒரு ஆட்டக்காரரின் குரலில்.

ஆட்டம் தொடங்கியது. பாப்பா, "ஓட்டைப் பக்கத்துலேர்ந்து மூணாவது" என்பாள். அவர் அதை உருவி மேசையில் வைப்பார். வைத்த பிறகுதான் அது புலி என்றோ புயல் என்றோ தெரியும். அவர் வைத்த இரண்டு கேடயங்களையும் தாண்டி, புலி பாய்ந்து அவரை இறக்கியது. புயல் இன்னும் இறக்கியது. சீக்கிரமே அவர் எட்டாம் மாடிக்கு வந்துவிட்டார்.

"போச்சு. இடி வந்துடுச்சா?"

"ஆடும்போது எதிராளி கையில என்ன இருக்குன்னு கேக்கக்கூடாது. வரும் வரும். உன் முறை, ஆடு."

அவர் கையில் கட்டெறும்பு இருந்தது. மருந்தும் இருந்தது. மருந்தின் மேல் விரல் போனது. பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கட்டெறும்பை எடுத்து வைத்தார். அவளுடைய காந்தத்தை ஒரு மாடி இறக்கினார். 

"ஆ! கடிச்சிட்டான்யா" என்றாள் பாப்பா. உதட்டோரம் சிரிப்பு. "அப்படிப் போடு."

அதன் பிறகு கொஞ்சம் எளிதாக இருந்தது. காண்டாமிருகத்தை இறக்கினார். அவள் ஓநாய்களை விட்டாள். மருந்து சாப்பிட்டு அவர் ஒன்பதாம் மாடிக்கு ஏறினார், ஏழுக்கு இறங்கினார், மறுபடி எட்டுக்கு ஏறினார். பத்தைத் தொட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இடி விழப்போகிறது என்று காத்திருந்தார். விழவில்லை. நம் நேரம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார். அவள் ஒரு தப்பான ஆட்டம் ஆடியபோது சிரித்தார். "என்ன சிரிப்பு?" என்று அவள் முறைத்தாள். ஒருமுறை, ஓநாய் இரண்டு மாடியா மூன்று மாடியா என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு மாப்பிள்ளை கூடத்திலிருந்து ஓடிவந்தார். அண்ணனும் தங்கையும் பொடி எழுத்தைக் காட்டி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பதைக் கண்டு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ரெண்டுதாங்க போட்டிருக்கு" என்றார், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு.

"நீங்க யாரு பக்கம்?" என்றாள் பாப்பா.

"போட்டிருக்கறதைச் சொன்னேன். உனக்கு ஓநாயை விட்டா கண்ணு தெரியாதே."

பாப்பா புருஷனைத் திருப்தியோடு பார்த்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் அட்டைகளைக் கூப்பிடும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணைச் சொல்வதற்குப் பதில் விரலை மட்டும் தூக்கினாள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே நேரம் நீண்டது. லிஃப்ட்காரர் ஏழாம் மாடியில் இருந்தார், அவள் பன்னிரண்டில். அவர் தன் முறையை ஆடி முடித்து, அவளுடைய அட்டைக் கட்டிலிருந்து புது அட்டையை எடுத்துத் தண்டவாளத்தின் மறுமுனையில் நிறுத்தினார்.

"உன் முறை பாப்பா."

"ம்." கண் மூடியிருந்தது. "இரு. யோசிக்கறேன். கலைச்சிடாதே."

"கலைக்கலை. நிதானமா யோசி."

அவள் யோசித்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமானது. வந்தது. லிஃப்ட்காரர் மேசையைச் சுற்றி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பாதத்தை விடவில்லை. வெயில் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. வெளியே யாரோ பாடிக்கொண்டே மாடிப்படி ஏறினார்கள். பிறகு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு இருவரும் காத்திருந்தார்கள். வெகு நேரம் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைதான் எழுந்து இயந்திரத்தை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் அவர் அழுதார். லிஃப்ட்காரர் அவரை அணைத்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக, தண்டவாளத்தில் வரிசையாக நின்ற அட்டைகளின் முதுகு தெரிந்தது.

போன் செய்ததும் நர்ஸம்மா வந்தார். குழாயை எடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, "இந்த மேசையைக் கொஞ்சம் ஓரமா..." என்றார்.

மாப்பிள்ளை அட்டைகளைச் சேர்த்து அள்ளப் போனார்.

"வேணாம் மாப்பிள்ளை. கலைக்க வேணாம்."

"என்ன மச்சான் நீங்க..."

"கலைச்சிடாதேன்னு சொல்லியிருக்கா. அவ முறை."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். பிறகு மேசையின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் அதை மட்டம் தவறாமல் தூக்கி, கதவிடுக்கில் சாய்க்காமல், பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு அட்டைகூட நகரவில்லை. எந்திர அறைக்குக் கனமான மோட்டாரை ஏற்றுகிற நாளில்கூட லிஃப்ட்காரர் இவ்வளவு கவனமாக நடந்ததில்லை.

சாயங்காலம் வீடு நிறைந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து வந்தார்கள். வேன் பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள். மருந்துக்கடைப் பெண் வந்து பாப்பாவின் அருகில் வெகு நேரம் நின்றுவிட்டு, முகம் கழுவப் போகும் வழியில் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு கூட ஆடினாங்க?"

"என்கூடதான்" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் அவர் பக்கத்து அட்டைகளைப் பார்த்தாள். "இவ்வளவு கேடயமா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "இதுதான் உங்க முதல் கட்டா?"

"ஆமா."

"அக்கா உங்களை ரொம்ப நேரம் விட்டு வெச்சிருக்காங்க போல. எங்களையெல்லாம் அஞ்சே நிமிஷத்துல முடிச்சிடுவாங்க." தண்டவாளத்தைப் பார்த்துக் கையை நீட்டியவள், உடனே இழுத்துக்கொண்டாள். "ஆட்டம் முடியாம எதிராளி கையைப் பாக்கக்கூடாது. அக்காவுக்குப் பிடிக்காது."

அவள் போன பிறகு லிஃப்ட்காரர் கதவைச் சாத்திவிட்டு, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். அவர் ஏழாம் மாடி, அவள் பன்னிரண்டு. பாக்கி நின்றது ஒரே ஒரு முறை, அவளுடையது. அதை யாராவது ஆடித்தானே ஆக வேண்டும். அப்படியே விட்டுவிட்டு எழ அவருக்கு மனசு ஒப்பவில்லை.

எழுந்து மேசையைச் சுற்றி, அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய பக்கத்துக்குப் போனார். குனிந்து பார்த்தார்.

மறுமுனையில் அவர் கடைசியாக நிறுத்திய அட்டை ஒரு மருந்து. அதற்கடுத்து ஒரு நரி. அதற்கடுத்து ஒரு கேடயம். ஓட்டைப் பக்கத்து முனையில், ஆட்டம் தொடங்கும் முன் அவரே முதன்முதலாக நிறுத்திய இடத்தில், கறுத்த வானத்தைக் கிழித்துக்கொண்டு இடி நின்றது.

வரும் வரும் என்று அவள் சொன்னது அவர் காதில் கேட்டது. இரண்டாவது என்றாள், மூன்றாவது என்றாள், கடைசி என்றாள். முதலாவது என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மச்சான், வண்டி வந்துடுச்சு."

"இதோ வரேன்."

லிஃப்ட்காரர் மூலை மடங்காமல் அந்த அட்டையைத் தூக்கி, மேசையின் நடுவில், படம் தெரியும்படி வைத்தார். பிறகு தன் இடத்துக்கு வந்து, தன்னுடைய காந்தத்தின் மேல் விரலை வைத்து, ஏழாம் மாடியிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து ஐந்துக்கும், ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி நிறுத்தி, தரைத்தளத்துக்கு இறக்கினார்.